டீசல் கேட்டு டீசலை எரித்தோம்

லாஞ்சில் புதிதாக ஏறியிருக்கும் தம்பிமாருக்கு,

போன வாரம் ஐஸ் ஏற்றுகிற இடத்தில் நீங்கள் நாலைந்து பேர் நின்று பேசியது என் காதில் விழுந்தது. டீசல் மறுபடியும் ஏறிவிட்டது, இப்படியே போனால் தொழிலை விட்டுவிட்டு வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான் என்றார் ஒருவர். எல்லாம் டெல்லிக்காரன் வேலை என்றார் இன்னொருவர். இல்லை, மெட்ராஸில் போடுகிற வரிதான் என்றார் மூன்றாமவர். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சட்டென்று பதில் சொல்லியிருக்க மாட்டேன். எதையும் நாலு தடவை மனசுக்குள் உருட்டிப் பார்க்காமல் வாயைத் திறக்கிற சுபாவம் எனக்கு இல்லை. வீட்டுக்கு வந்து, தூக்கம் வராமல் புரண்டு, சரி, எழுதியே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பேசிய அதே பேச்சை எழுபதுகளில் திரேஸ்புரம் கடற்கரையில் நாங்களும் பேசினோம். டெல்லி, மெட்ராஸ், அரபு தேசம் எல்லாம் அந்தப் பேச்சில் வந்தது. பேசிப் பேசிக் கடைசியில் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சந்தோஷமான கதை இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டீசல் எப்படி எங்கள் கழுத்தில் ஏறி உட்கார்ந்தது என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். அதற்கு முந்தி எல்லாம் வள்ளம்தான். பாய் விரித்தால் காற்று கொண்டுபோகும். காற்று மாறினால் கொண்டுவந்து சேர்க்கும். காற்றுக்கு யாரும் விலை சொன்னதில்லை. பிறகு அரசாங்கம் கடன் கொடுத்து, இஞ்சின் வைத்த லாஞ்சு கட்டச் சொன்னது. அப்போது டீசல் சல்லிசு. நான் ஒரு முதலாளியின் லாஞ்சில் டிரைவராக ஏறினேன். லாஞ்சில் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே வழக்கம்தான். மீன் விற்றதும் எண்ணெய்க்கு உள்ளதை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைத்தான் முதலாளிக்கும் ஆட்களுக்கும் பங்கு வைப்பார்கள். எண்ணெய் சல்லிசாக இருந்தவரை இந்த வழக்கத்தில் ஒருவருக்கும் குறை தெரியவில்லை. விலை ஏறியபோதுதான், எங்கேயோ யாரோ ஏற்றுகிற விலைக்கு முதல் கவளம் எங்கள் தட்டிலிருந்து போகிறது என்பது உறைத்தது.

அரபு நாட்டில் சண்டை வந்த வருஷம் அது. டீக்கடை ரேடியோவில் செய்தி சொன்னார்கள்.

"அரபிக்காரன் எண்ணெய்க் குழாய மூடிட்டானாம்லே," என்றான் சூசை. என் லாஞ்சில் வலை இழுக்கிறவன். வாய் சும்மா இருக்காது. "அவன் மூடுனா நமக்கென்ன? நம்ம பங்க்குல குழாய் தொறந்துதான கெடக்கு?"

"குழாய் தொறந்துதான் கெடக்கும். எண்ணெய் வராது," என்றேன்.

"போச்சு! ரெண்டு கேன் வாயத் தொறந்துட்டான். இனிம நடந்துரும்," என்று கடைக்கார அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார்.

ரெண்டு கேன் என்பது எனக்கு வைத்த பட்டப்பெயர். டேங்க் நிறைய எண்ணெய் இருந்தாலும் மேற்கொண்டு இரண்டு கேன் நிரப்பி மீன் போடுகிற அறைக்குள் வைத்துக்கொண்டுதான் கடலுக்குப் போவேன். அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் ஐஸ் வைக்கலாமே என்று முதலாளிக்கு எரிச்சல். ஆட்களுக்குச் சிரிப்பு. எனக்கு அது இல்லாவிட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

நடக்கத்தான் செய்தது. முதலில் விலை ஏறியது. பிறகு விலை கொடுத்தாலும் கிடைக்கவில்லை. பெர்மிட் என்றார்கள், கோட்டா என்றார்கள். பஸ்ஸுக்கு முதலில், ஆஸ்பத்திரிக்கு, பிறகு வயலில் தண்ணீர் இறைக்கிற இஞ்சினுக்கு, அப்போது நடந்துகொண்டிருந்த புதுத் துறைமுக வேலைக்கு. அதெல்லாம் தேவையில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். எல்லாருக்கும் கொடுத்து மிஞ்சினால் எங்களுக்கு. இதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. வயல்காரன் ஓட்டு ஜில்லா முழுக்கப் பரந்து கிடக்கிறது. எங்கள் ஓட்டு கரையோரமாக ஒரு நூல். நூலுக்காக யார் துணியை விடுவார்கள்?

டெல்லியில் ஆள்கிற கட்சிக்காரர் கடற்கரைக்கு வந்தால், எண்ணெய் மேல் மெட்ராஸ் போடுகிற வரியைப் பாருங்கள் என்பார். மெட்ராஸில் ஆள்கிற கட்சிக்காரர் வந்தால், டெல்லி போடுகிற வரியைப் பாருங்கள் என்பார். அவர்கள் இரண்டு பேரும் சொன்னது நிஜம்தான் என்பதே எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அரபிக்காரன் ஏற்றியது ஒரு பங்கு என்றால் அதன்மேல் இவர்கள் இருவரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள் அப்படி வந்த ஒருவர் கொஞ்சம் கோபமாகவே பேசினார்.

"வரி போடாம எப்படி? நாட்டுக்கு ரோடு வேண்டாமா? எண்ணெய் வரியில இருந்துதான் ரோடு போடணும்."

"ரொம்ப நல்லது அண்ணாச்சி," என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "கடல்ல எங்கன ரோடு போட்டிருக்கியன்னு சொல்லுங்க. நாளைல இருந்து அது வழியாப் போறோம்."

கடற்கரையே சிரித்தது. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கேட்டவன் மிக்கேல், என் தங்கச்சி ரோசம்மாளின் புருஷன். அவன் லாஞ்சுக்காரன் இல்லை. இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு சொந்த வள்ளத்தில் பாய் விரித்துப் போகிறவன். டீசல் ஒரு சொட்டு அவனுக்குத் தேவையில்லை. எங்களுக்காகத்தான் கேட்டான். என்னைக் கேலி செய்வதிலும் அவன்தான் முதல் ஆள்.

அந்தச் சமயம் புதுத் துறைமுக வேலையைப் பார்க்க ஒரு மந்திரி வருவதாகச் செய்தி வந்தது. லாஞ்சுச் சங்கத்துச் செயலாளர் எங்களையெல்லாம் கூட்டினார். நல்ல மனுஷர், கெட்டிக்காரர். குறை சொல்ல மாட்டேன்.

"மனு எழுதிக் குடுத்துக் குடுத்துக் கை ஓஞ்சு போச்சு. இந்தத் தடவ கண்ணுல காட்டணும். நம்ம லாஞ்சு அம்புட்டும் கொடி கட்டி, பேனர் கட்டி, இங்கன இருந்து புதுத் துறைமுகம் வரைக்கும் வரிசையாப் போவணும். அவரு போற படகச் சுத்தி வரணும்."

"அதுக்கு எண்ணெய்?" என்று கேட்டேன்.

"இருக்கதப் போடு. கோட்டாவ ஏத்திட்டா நாளைக்கு ஊத்திக்கிடலாம்லா."

"ஏத்தலைன்னா?"

எல்லாரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். "ஏலே ரெண்டு கேனு, ஒனக்குக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் எழவு ஞாபகந்தானாலே?" என்று ஒருவன் கத்தினான். கூட்டம் அதோடு முடிந்தது.

அன்று சாயங்காலம் மிக்கேல் என் வீட்டு வாசலில் நின்று சிரித்தான். "மச்சான், அரிசி பத்தலைன்னு கேக்கப் போறவன் பானையில இருந்த அரிசியப் பொங்கி, படையலாக் கொண்டு போறான் பாத்தியளா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர்வலத்துக்கு இருந்த இரண்டு நாளும் யோசித்தேன். போகாமல் இருந்தால் கடற்கரையில் தலை காட்ட முடியாது. போனால் டேங்க் காலி. ஊர்வலத்தன்று காலையில் இஞ்சின் சூடாகிறது என்று சொல்லிவிட்டு, என் லாஞ்சை முன்னால் போகிற லாஞ்சின் பின்னால் கயிறு கட்டி இழுக்கச் சொன்னேன். கொடியும் கட்டினேன், "டீசல் விலையைக் குறை" என்று சிவப்பு எழுத்தில் எழுதிய துணியையும் கட்டினேன். இஞ்சினை மட்டும் போடவில்லை. "ரெண்டு கேனு கயத்துல தொங்குதாம்லே!" என்று வழி முழுக்க நையாண்டி. முதலாளிக்கு வெட்கம் தாங்கவில்லை. அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

மந்திரி நேரத்துக்கு வரவில்லை. வெயிலில் எல்லா இஞ்சினும் ஓடிக்கொண்டே கிடந்தது. அணைத்தால் வரிசை கலையும் என்று செயலாளர் அணைக்க விடவில்லை. பிற்பாடு அவர் வந்தார், பார்த்தார், கை ஆட்டினார், மனுவை வாங்கிப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். கவனிக்கிறேன் என்றார். கரைக்குத் திரும்பும்போது எங்கள் லாஞ்சுகளில் பாதிக்கு மேல் டேங்க்கின் அடி தட்டியது. அடுத்த கோட்டா வரும்வரைக்கும் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. இரண்டு கேனும் கால் டேங்க்கும் மிஞ்சியது என்னிடம் மட்டும்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு தொழிலுக்குப் போய் வர முடியாது. ஆகையால் நானும் கட்டிப்போட்டேன்.

லாஞ்சு ஒன்றும் போகாததால் மீனுக்கு நல்ல விலை வந்தது. வள்ளக்காரர்களுக்கு அது அபூர்வம். கச்சான் காற்று, அதாவது மேற்கிலிருந்து கடலைப் பார்த்துத் தள்ளுகிற காற்று, அந்த வாரம் பலமாக இருந்தது. சாதாரணமாக அந்தக் காற்றில் மிக்கேல் வெகுதூரம் போகமாட்டான்.

"மாப்ளே, காத்து சரியில்ல. கிட்டத்துலயே வலையப் போட்டுட்டுத் திரும்பிரு," என்றேன்.

"ஒங்க லாஞ்செல்லாம் படுத்துக் கெடக்கு மச்சான். இன்னைக்கு விட்டா எங்களுக்கு எப்பம் வெல கெடைக்கும்?" பாய்க் கயிற்றை இழுத்துக்கொண்டே சொன்னான். "நீரு ரெண்டு கேனையும் பத்திரமாப் பாத்துக்கிடும்."

அதுதான் அவன் என்னோடு பேசிய கடைசி வார்த்தை.

அன்று மாலைக்குள் அவர்கள் திரும்பியிருக்க வேண்டும். மறுநாள் விடிந்தும் வரவில்லை. கோயில் மணியை அடித்தார்கள். ஜெப மணி இல்லை, ஆளைக் காணவில்லை என்றால் அடிக்கிற மணி. எங்கள் கரையில் அதற்கு ஒரு பழக்கம் உண்டு. மணி கேட்டால் ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்கள், பேச மாட்டார்கள். அவரவர் வள்ளத்தைத் தள்ளி இறங்கிவிடுவார்கள். யார் வீட்டு ஆள் என்று கேட்பதுகூட இறங்கிய பிறகுதான். ஆனால் அன்று அடித்த காற்றில் தேடப் போகிற வள்ளமும் திரும்பி வராது. எதிர்காற்றில் திரும்ப லாஞ்சால்தான் முடியும். ஆகவே எல்லாரும் லாஞ்சுகளைப் பார்த்தார்கள். லாஞ்சுக்காரர்கள் டேங்க்குகளைப் பார்த்தார்கள்.

அப்போது ஒருவர் கேட்டார்: "எண்ணெய் யாரு போடுவா?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எங்கே கிடைக்கும் என்கிற அர்த்தத்தில்தான் கேட்டார். ஆனாலும் மணி அடித்த பிறகு எங்கள் கரையில் ஒருவர் இப்படி ஒரு கேள்வி கேட்டதை நான் அதற்கு முந்தி கேட்டதில்லை. டீசல் விலை என்றால் என்ன என்று அந்த நிமிஷம்தான் எனக்கு முழுசாக விளங்கியது.

செயலாளர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெர்மிட் கொடுக்கிற ஆபீசுக்கு ஓடினார். அங்கே இருந்த அதிகாரியும் பதறத்தான் செய்தாராம். ஆனால் பஸ்ஸுக்கு, ஆஸ்பத்திரிக்கு, வயலுக்கு என்று ஒதுக்கியதிலிருந்து எடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. திருநெல்வேலியிலிருந்து உத்தரவு வரவேண்டும். டிரங்க் காலுக்குப் பதிவு செய்துவிட்டு இருவரும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கரையில் நாங்கள் உட்காரவில்லை. என் லாஞ்சில்தான் எண்ணெய் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். நான் கணக்குப் பார்த்தேன். காற்று வாட்டத்தில், அதாவது காற்று தள்ளுகிற பக்கமே போக, எண்ணெய் குறைவாகச் செலவாகும். எதிர்காற்றில் திரும்ப இரண்டு மடங்கு குடிக்கும். என்னிடம் இருப்பது திரும்புவதற்கே காணுமோ காணாதோ. போகவும் வேண்டும், வரவும் வேண்டும் என்றால் காணவே காணாது.

"போயிட்டு வர எண்ணெய் இல்லாம லாஞ்ச அவுக்காத. நீங்களும் போயிருவிய," என்றார் முதலாளி. அவர் லாஞ்சுக்காக மட்டும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் அதையேதான் நினைத்தேன்.

மற்ற லாஞ்சுக்காரர்கள் டேங்க்கின் அடியில் கிடந்ததைச் சுரண்டி வாளியில் கொண்டுவந்தார்கள். கறுப்பாக, தண்ணீரும் மண்டியும் கலந்து. அன்போடுதான் கொண்டுவந்தார்கள். அதை என் டேங்க்கில் ஊற்றினால் நடுக்கடலில் இஞ்சின் அடைத்து நின்றுவிடும். வேண்டாம் என்றேன்.

"வேண்டாமா?" ஒரு பெண் என் முகத்துக்கு நேரே கையை நீட்டினாள். "உள்ளதெல்லாம் வழிச்சுக் கொண்டாந்திருக்கு. கூடப் பொறந்தவ புருசனத் தேடுததுக்கு ஒனக்குச் சுத்தமான எண்ணெய் கேக்குதோ?"

பொழுது ஏறிக்கொண்டே இருந்தது. ஆபீசிலிருந்து தகவல் இல்லை. ரோசம்மாள் அதுவரை லாஞ்சின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றாள். சட்டென்று திரும்பி ஆங்காரமாகக் கத்தினாள்.

"போக எண்ணெய், வர எண்ணெய், போக எண்ணெய், வர எண்ணெய்! காத்து அவியள எந்தப் பக்கம் கொண்டு போச்சோ, ஒங்களயும் அந்தப் பக்கந்தான கொண்டு போவும்? அதுக்கு எதுக்கு எண்ணெய்?"

கோபத்தில் சொன்ன சொல்தான். ஆனால் அத்தனை பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. இஞ்சினில் போய் இஞ்சினில் வந்தே பழகிவிட்டோம். லாஞ்சும் மிதக்கிற சாமான்தான், காற்று அதையும் தள்ளும் என்பதே மறந்துபோயிற்று. பாய் விரித்துக் காற்றோடு போனால், போகிற எண்ணெய் மிச்சம். இருப்பதை வைத்துத் திரும்பிவிடலாம்.

ஒரு வள்ளக்காரர் ஓடிப்போய்த் தன் பாயைக் கொண்டுவந்தார். லாஞ்சில் மூங்கிலை நட்டுக் கட்டினோம். ஊர்வலத்துத் துணி உள்ளேயே கிடந்தது. தூரத்துக்குத் தெரியட்டும் என்று அதையும் மேலே கட்டினான் சூசை. கடைசி நிமிஷத்தில் முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்.

"நீங்க எதுக்கு அண்ணாச்சி?"

"என்னைய சாமானத்துக்குப் பொறத்தால அலையுதவன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லப்படாது. நீ விடு."

இஞ்சின் சத்தம் இல்லாமல் லாஞ்சில் போவது என்னமோ போலிருந்தது. முயல் தீவைத் தாண்டியதும் அலை பெரிசாயிற்று. சூசை முதலில் ஏதோ வேடிக்கை பேசிப் பார்த்தான். பிறகு மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டே போனோம். உச்சி வெயில் சாய்ந்தது. திடீரென்று சூசை என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"தெக்க பாருங்க. என்னமோ மிதக்கு."

பார்த்தேன். அலை ஏறும்போது ஒரு கறுப்பு தெரிந்தது. இறங்கும்போது மறைந்தது.

"இஞ்சினப் போடுங்கண்ணே! என்ன பாத்துக்கிட்டே இருக்கிய?"

தம்பிமாரே, நான் சொல்ல வந்ததே இந்த இடம்தான். அது காற்றுக்குக் குறுக்கே இருந்தது. கவிழ்ந்த வள்ளம் இந்தக் காற்றில் அங்கே போயிருக்க முடியாது. போய்ப் பார்க்க வேண்டுமென்றால் இஞ்சினைப் போட வேண்டும். போட்டால் திரும்புகிற எண்ணெயில் கை வைக்க வேண்டும். பார்த்துவிட்டு இல்லை என்று ஆனால் மேற்கொண்டு தேடுவதும் கிடையாது, வீடு போய்ச் சேருவதும் சந்தேகம். முதலாளி என் முகத்தையே பார்த்தார். முடிவை டிரைவரிடம் விட்டுவிட்டார்.

"கட்டையா இருக்கும்," என்றேன். "வள்ளம் காத்து வாட்டத்துலதான் கெடக்கும்." பாயை விடாமல் நேரே போனோம். சூசை அழுதுகொண்டே தெற்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வள்ளம் நான் சொன்ன வாட்டத்தில்தான் கிடந்தது. கவிழ்ந்து, வயிறு மேலே தெரிய. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் இருந்தார்கள். மிக்கேல் இல்லை. இழுத்து ஏற்றியபோது ஒருவனுக்கு நினைவே இல்லை. மற்றவன் இன்னாசி, தண்ணீர் கொடுத்த பிறகு கொஞ்சம் பேசினான்.

"அந்தச் செவப்பு எழுத்துத் துணி தெரிஞ்சுது... அதுக்குப் பொறவுதான் கையில புடி நின்னுது."

"மிக்கேல் எங்க?"

"மத்தியானம் வர கூடத்தான் கெடந்தாரு. எங்களுக்குத் தைரியம் சொல்லிக்கிட்டே. ஒரு பெரிய அலை வந்துது. ஒடிஞ்ச பாய்மரத்தப் புடிச்சிருந்தாரா, மரத்தோட வெலகிப் போயிட்டாரு. கூப்புட்டுக்கிட்டேதான் போனாரு."

"எந்தப் பக்கம்?"

"தெரியலண்ணே. கண்ணு எரியுது. தெரியல."

சூசை என்னைப் பார்த்தான். நான் இஞ்சினைப் போட்டேன். நேராகக் கரைக்குத் திருப்ப வேண்டிய லாஞ்சைத் தெற்காக வளைத்தேன். அதற்கு எண்ணெய் காணுமா என்று அப்போதும் எனக்குள் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருந்தது. நினைவில்லாமல் கிடந்தவனின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. கறுப்பு தெரிந்த இடம் என்று நான் நினைத்த இடத்தில் ஒன்றும் இல்லை. கடலில் இடத்துக்கு அடையாளம் ஏது? இன்னும் ஒரு சுற்று வந்தால் கிடைப்பானோ என்றிருந்தது. ஒரு சுற்று வந்தால் லாஞ்சுக்குள் இருக்கிற இரண்டு பேரும் போய்விடுவார்கள் என்றும் இருந்தது. முதலாளி என் கையின் மேல் கை வைத்து, "கரைக்குப் போ," என்றார். அந்த ஒரு வார்த்தையின் பாரத்தை அவர் எடுத்துக்கொண்டார். அவர் சாகும்வரை அதற்காக அவரிடம் நன்றி இருந்தது எனக்கு.

தீவு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் எண்ணெய் தீர்ந்தது. அதற்குள் காற்று தணிந்திருந்ததால் வள்ளக்காரர்கள் துடுப்புப் போட்டு வந்து, கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்த்தார்கள். இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். திருநெல்வேலியிலிருந்து உத்தரவு வந்துவிட்டதாகவும், மறுநாள் எண்ணெய் கிடைக்கும் என்றும் செயலாளர் சொன்னார். எண்ணெய் கிடைத்ததும் எல்லா லாஞ்சும் போய்த் தேடினோம். மிக்கேல் கிடைக்கவில்லை.

ரோசம்மாளிடம் நான் எதையும் மறைக்கவில்லை. தெற்கே மிதந்ததையும் சொன்னேன். அவள் கேட்டாள்.

"அதப் போயிப் பாக்க எண்ணெய் இல்லையா அண்ணே?"

"இல்லளா," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். என்னோடு சண்டை போடவில்லை, பேச்சை நிறுத்தவுமில்லை. நான் செய்தது சரி என்று கடற்கரையில் எல்லாரும் சொன்னார்கள். தெற்கே போயிருந்தால் இரண்டு பேரையும் இழந்திருப்போம் என்றார்கள். இருக்கலாம். அது கட்டையாகவும் இருந்திருக்கலாம். இன்றைக்கும் விளக்கணைத்தால் அந்தக் கறுப்பு ஏறி இறங்குகிறது. காலையில் காத்துக் கிடந்த பொழுதில் போயிருந்தால் மூன்று பேரும் வள்ளத்திலேயே இருந்திருப்பார்கள். அது மட்டும் நிச்சயம். அந்தப் பொழுதை யார் தின்றது? அரபிக்காரனா, டெல்லியா, மெட்ராஸா, வெயிலில் இஞ்சினை ஓடவிட்டு நின்ற நாங்களா? ஒருவரைச் சொன்னால் மற்றவர் தப்பித்துவிடுகிறார். இத்தனை வருஷம் உருட்டிப் பார்த்தும் என்னால் பங்கு பிரிக்க முடியவில்லை.

மிக்கேல் போன செய்தி பேப்பரில் வந்தது, மேலிடத்தில் இருப்பவர்களும் பேசினார்கள். கொஞ்ச காலத்தில் எங்கள் கரைக்குக் கோட்டாவை உயர்த்தி உத்தரவும் வந்தது. செயலாளர் சந்தோஷமாக ஓடிவந்தார்.

"மந்திரிக்கு நன்றி சொல்லணும்லா. மறுபடியும் வாராரு. எல்லா லாஞ்சும் கொடி கட்டிப் போவணும். நீதான் முன்னால போவணும்ப்பா. ரெண்டு உசுரக் காப்பாத்துனவன்."

நான் டேங்க்கின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ரோசம்மாள் பக்கத்தில் மீன் கூடையோடு நின்றாள். வெள்ளைச் சேலையில். செயலாளரைப் பார்த்துச் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"இன்னைக்குக் கடலுக்குப் போன வள்ளமெல்லாம் வந்துட்டாண்ணே?"

அவர் கரையைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, கரையில் ஏற்றிப் போட்டிருந்த வள்ளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்துபோனாள். மற்ற லாஞ்சுகளில் கொடி கட்ட ஆரம்பித்திருந்தார்கள். அவள் திரும்பி வரும்போது சில லாஞ்சுகள் புறப்பட்டே போய்விட்டன.

"ரெண்டு வள்ளம் வரல," என்றாள்.

நான் மூடியைத் திருகி இறுக்கினேன். நானும் சூசையும் இஞ்சினைப் போடாமல் லாஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம், அந்த இரண்டு பாயும் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும்.